முன்வாயிலும் பின்படியும்

‘போருக்கு முந்திய வீடு’ என்று வாசுதேவநல்லூரில் ஒருவர் கூறினால், கேட்போரின் நினைவு பூலித்தேவர் காலத்து மண்கோட்டையை நோக்கியே செல்லும். பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பீரங்கிகளை எதிர்த்து நின்ற அம்மண்சுவர்களே இவ்வூருக்குப் போரின் அடையாளம். நியூயார்க் நகரத்தாருக்கோ அத்தொடர் முற்றிலும் வேறொன்றைக் குறிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுந்த, உயரமான கூரையும் தடித்த சுவரும் கொண்ட, செல்வர் வாழும் அடுக்கு மாடி வீட்டையே அவர்கள் அவ்வாறு அழைப்பர். வீடு விற்போரின் விளம்பரங்களில் அது விலையை உயர்த்தும் சொல். இந்திய நகரங்களுள் இத்தொடர் பெரிதும் பொருந்துவது பம்பாய்க்கே. அங்கு அது மதிப்பைக் குறிக்கும் சொல்லாக மட்டுமன்றிச் சட்டத்தின் அளவுகோலாகவும் ஆகிவிட்டது. 1940ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளுக்கு முன் கட்டப்பட்டதா, பின் கட்டப்பட்டதா என்னும் வினா அங்கு ஒரு கட்டடத்தின் வாடகையையும், சில வேளைகளில் அதன் ஆயுளையும் முடிவு செய்கிறது. (அந்நகர் 1995இல் மும்பை எனப் பெயர் மாறியது; பழைய செய்திகளைப் பேசுமிடத்துப் பழைய பெயரே இங்கு ஆளப்படுகிறது.)

சென்னையில் இத்தகைய வீடு ஏன் தோன்றவில்லை என்பது எண்ணத்தக்கது. சென்னையின் செல்வர்களுக்கு நிலத்திற்குப் பஞ்சமில்லை. எழும்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் அவர்கள் தோட்டங்களுக்கு நடுவே பங்களாக்களில் வாழ்ந்தனர். 1920களில் உருவாகத் தொடங்கிய தியாகராய நகரும் தனி வீடுகளின் நகராகவே வளர்ந்தது. அதே ஆண்டுகளில் பர்மாத் தேக்கு கொண்டு செட்டிநாட்டில் எழுந்த மாளிகைகளோ முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிவன. ஒருவரின் தலைக்கு மேல் மற்றொருவர் வாழ்வதை மதிப்பாகக் கருதும் மனம் அன்றைய தமிழகத்தில் இல்லை. தீவாகிய பம்பாயில் நிலமே அரிய பொருள். ஆகவே அங்கு நிலத்தைக் கடலிலிருந்து எடுக்க வேண்டியிருந்தது.

பழந்தமிழ் மரபில் கடல் நிலத்தைக் கொள்ளும். கடல்கோள் பற்றிய கதைகள் இறையனார் களவியல் உரைகாரர் காலந்தொட்டு வழங்கி வருகின்றன. கடலிடமிருந்து மனிதர் நிலத்தைக் கொள்வதை அம்மரபு பாடியதில்லை. பம்பாயின் வரலாறு அதுதான். ஏழு தீவுகளை இணைத்ததில் தொடங்கிய அப்பணியின் மிகப் பெரிய ஆசை, நகரின் மேற்கிலுள்ள பேக் பே என்னும் வளைகுடாவைத் தூர்ப்பது. ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில், 1920இல் அமைக்கப்பட்ட வளர்ச்சித் துறை அவ்வேலையைக் கையில் எடுத்தது. 1145 ஏக்கர் நிலம், எட்டுப் பகுதிகள் என்பது திட்டம். கல்லால் கடற்சுவர் எழுப்பி, துறைமுகத்தின் அடிச்சேற்றை வாரிக் குழாய் வழியே அதனுள் கொட்டினர். சேறு வாரும் கப்பலுக்கும் ஆளுநரின் பெயரையே சூட்டினர். சேறோ சுவரின் இடுக்குகள் வழியே மீண்டும் கடலுக்கே போய்க்கொண்டிருந்தது. செலவு மதிப்பீட்டைக் கடந்தது. ‘லாயிட் செய்த பேதைமை’ என்று மக்கள் நகைத்தனர்.

இந்த ஊழலையும் திறமையின்மையையும் வெளிப்படுத்தியவர் கே. எஃப். நரிமன் என்னும் பார்சி வழக்கறிஞர். அரசுப் பொறியாளர் ஒருவர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடர்ந்தார். வழக்கில் நரிமனே வென்றார். இறுதியில் எட்டுப் பகுதிகளில் நான்கு மட்டுமே, ஏறத்தாழ 440 ஏக்கர், கரையேறின. அவற்றுள் பெரும்பகுதி படைத்துறைக்குப் போயிற்று. எஞ்சிய மெல்லிய கரைத்துண்டே பின்னாளில் மரைன் டிரைவ் என உலகறிந்த கடற்கரைச் சாலையும், ஓவல் மைதானத்தின் மேற்குக் கரையும் ஆனது. விடுதலைக்குப் பின் அதே வளைகுடாவில் மேலும் தூர்த்து எடுத்த நிலத்திற்கு நரிமன் முனை என்று பெயரிட்டனர். கடலைத் தூர்க்கும் திட்டத்தின் கேடுகளை வெளிக்கொணர்ந்தவரின் பெயர் தூர்த்த நிலத்திற்கே வாய்த்தது. வரலாற்றுக்கும் சிலேடை தெரியும் போலும்.

மனை விற்பனைக்கு வந்தபோது உலகப் பொருளாதார மந்தம் சூழ்ந்திருந்தது. எனினும் 1930களின் நடுவில் பருத்தி, காப்பீடு, தங்க வணிகங்களில் பணம் சேர்த்தோரும் சிற்றரசர்களும் முதலீட்டுக்கு இடம் தேடினர். வாடகைக்கு விடும் மாடிக் கட்டடம் அவர்களுக்கு ஏற்ற முதலீடாயிற்று. இந்நுட்பம் மறக்கத்தக்கதன்று: அன்றைய மரைன் டிரைவ் வீடுகளில் குடியிருந்த பலர் உரிமையாளர்கள் அல்லர், வாடகையாளர்களே. கபூர் மகால், ஜவேர் மகால், கேவல் மகால் ஆகியவை 1937 முதல் 1939 வரையான ஆண்டுகளில் எழுந்தன. முனைவீடாகிய சூனா மகால் 1937ஐச் சேர்ந்தது. உயரத்தையும் முகப்பையும் பற்றி அரசு விதிகள் வகுத்திருந்தமையால் வரிசை முழுதும் ஒரே அளவினதாய், ஒருவர் எழுதிய அடிகளைப் போல் சீர் பிறழாது நின்றது.

ஓவல் மைதானத்தின் கிழக்கே உயர்நீதிமன்றமும் பல்கலைக்கழகமும், விக்டோரியா அரசி காலத்துக் கூர்ங்கோபுரங்களுடன் கருங்கல்லில் நிற்கின்றன. மேற்கே, அறுபது எழுபது ஆண்டுகள் கழித்து வந்த வீடுகள் வளைந்த பால்கனிகளும் கப்பல் தளத்தை ஒத்த கைப்பிடிகளுமாக நிற்கின்றன. சன்னலுக்கு மேலே புருவம் போல் நீண்ட கான்கிரீட் சஜ்ஜா வெயிலையும் பருவ மழையையும் தடுக்கும். முகப்பில் உறைந்த நீரூற்று, சூரியக் கதிர், அலை என உருவங்கள். ‘ஆர்ட் டெக்கோ’ என்று இப்பாணி இன்று அழைக்கப்படுகிறது. 1925இல் பாரிசில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியின் பெயரினின்று எடுக்கப்பட்ட அச்சொல் 1960களின் இறுதியிலேயே வழக்கில் ஊன்றியது. எனவே அவ்வீடுகளில் முதலிற் குடிபுகுந்த எவரும் அப்பெயரைக் கேட்டிருக்க இயலாது. அவர்களுக்கு அது ‘புதுமாதிரி’ வீடு, அவ்வளவே. இவற்றை வரைந்தவர்களுள் ஜி. பி. மாத்ரே போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்கள் முன்வரிசையில் நின்றனர். அரசுக் கட்டடங்கள் ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில் தனியார் வீடுகளே இந்தியக் கலைஞர்களுக்குத் திறந்த கதவுகள்.

இந்தக் கட்டடங்களின் உயிர் சிமெண்டு. இந்தியாவில் சிமெண்டு செய்யும் முதல் முயற்சி 1904இல் சென்னையில்தான் நிகழ்ந்தது. கடற்சிப்பியை மூலப்பொருளாகக் கொண்ட அம்முயற்சி நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தர் ஆலை வென்றது. 1936இல் பல ஆலைகள் ஒன்றிணைந்து ஏ.சி.சி. நிறுவனமாயின. அவ்விணைப்பும் மரைன் டிரைவின் எழுச்சியும் ஒரே காலத்தன என்பது தற்செயலன்று. இரும்புக் கம்பியும் சிமெண்டும் சேர்ந்தபோதுதான் சுவர் தாங்கும் பாரத்தைத் தூண்கள் ஏற்றுக்கொண்டன. சுவர் வளையவும் பால்கனி அந்தரத்தில் நிற்கவும் முடிந்தது. நெல்லைச் சீமையில் தாழையூத்து ஆலை புகைவிட 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்குள்ள வீடுகள் அதுவரை சுண்ணாம்பையும் செங்கல்லையும் பனங்கையையும் நம்பியே நின்றன.

ஆயினும் முகப்பைப் பற்றியே பேசி முடிப்பது, ஒரு செய்யுளின் எதுகையை மட்டும் பாராட்டிப் பொருளை விட்டுவிடுவதை ஒக்கும். இந்த வீட்டின் மெய்யான புதுமை அதன் பின்பக்கத்தில் இருந்தது.

நெடுநல்வாடை அரண்மனை அமைக்கும் முறையைச் சொல்கிறது. நண்பகல் நிழலால் திசையறிந்து, நூலிட்டு அளந்து மனை வகுத்த செய்தி அதில் உண்டு. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகார் நகரின் மாடங்களையும், கடல் வணிகத்தால் வந்து தங்கிய வேற்று நாட்டார் இருப்பிடங்களையும் அடுக்கிக் காட்டுகிறது. மாடம் தமிழர்க்குப் புதிதன்று. புதிதாக வந்தது, ஒரே பூட்டுக்குள் அடங்கிய வீடு.

திருநெல்வேலிப் பக்கத்தார்க்கு வளவு தெரியும். ஒரு பொதுவாயில், நடுவே ஒரு நடை, இருபுறமும் வரிசையாகச் சிறு வீடுகள், எல்லார்க்கும் ஒரு கிணறு, கடைக்கோடியில் பொதுக் கழிப்பிடம். பம்பாயின் ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த ‘சால்’ என்பது இவ்வளவை நிறுத்தி வைத்தது போன்றது. மூன்று நான்கு தளங்கள். தளந்தோறும் ஒரு நீண்ட தாழ்வாரம். தாழ்வாரத்தில் ஒற்றையறைக் குடும்பங்கள். கோடியில் பொதுக் குழாயும் கழிப்பிடமும். அங்கு ஒரு குடும்பத்தின் சண்டை எல்லாக் குடும்பங்களுக்கும் கேட்கும்; ஒரு வீட்டுக் குழந்தை பத்து வீட்டில் சாப்பிடும். 1896இல் பிளேக் நோய் பரவியபோது இத்தகைய நெருக்கமான குடியிருப்புகளே பழிக்கப்பட்டன. 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை சட்டத்தால் அமைந்தது. நோய்க்கு அஞ்சிப் பிறந்த அவ்வமைப்பே நகரின் வடக்கில் தாதர், மாதுங்கா எனப் புதிய குடியிருப்புகளை வகுத்துத் தெருவும் சாக்கடையும் முன்னதாகவே இட்டது.

குழாய் நீரும் புதைசாக்கடையும் வந்த பின்னரே கழிப்பறை வீட்டிற்குள் வர இயன்றது. எளிய வாக்கியமாகத் தோன்றும் இதனுள் ஒரு நூற்றாண்டின் மனப்போராட்டம் உள்ளது. தென்னாட்டு மரபு வீட்டில் தெருவிலிருந்து பின்னோக்கிச் செல்லச் செல்லத் திண்ணை, தார்சா, முற்றம், அடுக்களை, கிணற்றடி, புழக்கடை என ஒழுங்கு உண்டு. கழிப்பிடம் அதன் கடைசியில், கொல்லைக்கு அப்பால். அதற்குரிய துப்புரவுத் தொழிலாளர் பின்சந்து வழியே வந்து பின்சந்து வழியே செல்வார். வீட்டாரின் கண்ணில் படவும் நேராது. தூய்மை, தீட்டு என்னும் கருத்துகளை வீட்டின் நீளமே காத்து நின்றது. அடுக்கக வீட்டிற்கு அந்த நீளம் இல்லை. பூசை மாடமும் அடுப்பும் கழிப்பறையும் சில அடித் தொலைவில், சில வேளை ஒரே சுவரின் இருபுறமும் அமைந்தன. நூறடிக் கொல்லை செய்த வேலையை ஒன்பதங்குலச் சுவர் செய்ய நேர்ந்தது.

அச்சுவரால் மட்டும் மனம் ஆறவில்லை. ஆகவே கட்டடங்களுக்குப் பின்படி வந்தது. பழைய பம்பாய்க் கட்டடங்கள் பலவற்றின் முதுகில், இரும்பாலான சுருள் படிக்கட்டு இன்றும் காணப்படும். கூடத்திலும் அறைகளிலும் கால் வையாமல் நேரே கழிப்பறைக்கு வந்து தூய்மை செய்து, அவ்வழியே இறங்கிச் செல்வதற்காக அமைந்த படி அது. முன்புறம் பளிங்குத் தளமும் மின்தூக்கியும். பின்புறம் துருவேறும் இரும்பு. நியூயார்க்கின் அடுக்ககங்களிலும் பணியாளர்க்கெனத் தனி மின்தூக்கியும் தனி வாயிலும் இருந்தன. அங்கு வகுப்பும் நிறமும் பின்வாயிலைக் கேட்டன, இங்குச் சாதி கேட்டது. புதுமைக்குச் சான்றாகப் போற்றப்படும் இக்கட்டடம், அக்கிரகாரத்தின் பின்சந்தை அறுபது அடி உயரத்திற்குத் தூக்கி நிறுத்தியது என்பதே உண்மை.

பெண்களுக்கு இவ்வீடு என்ன செய்தது என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. 1937இல் இந்தியக் கட்டடக் கலைஞர் கழகம் பம்பாய் நகர மண்டபத்தில் ‘உயரிய இல்லம்’ பற்றி ஒரு கண்காட்சி நடத்தியது. சமையலறை, குளியலறை, படுக்கையறை என மாதிரிகள் அமைத்துக் காட்டினர். குனிந்து ஊதும் அடுப்புக்கு மாறாக நின்று சமைக்கும் மேடை, எரிவாயு, கையெட்டும் தூரத்தில் குழாய் என்பன பெண்ணின் முதுகை நிமிர்த்தின என்பதில் ஐயமில்லை. மாதந்தோறும் மூன்று நாள் விலகியிருப்பதற்குக் கொல்லையறை இல்லாத வீட்டில் அவ்வழக்கமும் மெல்லத் தளர வேண்டியதாயிற்று. சீர்திருத்தக்காரர் மேடையில் கேட்டதை வரைபடம் ஓசையின்றிச் செய்தது. மறுபக்கம், கிணற்றடியும் தாழ்வாரமும் போனதோடு பெண்கள் கூடிப் பேசும் இடமும் போயிற்று. கதவைச் சாத்தினால் தனிமை, திறந்தால் படிக்கட்டு. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ பேசுவது இராசத்தானத்துப் பெரிய வீடொன்றை; எனினும் சமையலறை எந்த மூலையில், எவர் வசதிக்காக வைக்கப்படுகிறது என்று அத்தலைப்பு எழுப்பும் கேள்வியை இந்த வரைபடங்களின்முன்னும் வைக்கலாம்.

மரைன் டிரைவின் வீடுகள் செல்வர்க்கும் புகழ்பெற்றோர்க்கும் உரியன. நர்கீசு ‘சாட்டோ மரைன்’ கட்டடத்தில் வாழ்ந்தார். சுரையா 2004இல் மறையும் வரை ‘கிருஷ்ணா மகால்’ வீட்டிலேயே இருந்தார். தமிழர்க்குக் கிடைத்தது அதே வீட்டின் சிறிய வடிவம். மாதுங்காவில், கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி 1920களிலும் 1930களிலும் எழுந்த மூன்று, நான்கு தளக் கட்டடங்களில் இரண்டு மூன்று அறைகள் கொண்ட, உள்ளேயே குளியலறையும் கழிப்பறையும் அமைந்த வீடுகள் வாடகைக்குக் கிடைத்தன. இரயில்வே, வங்கி, வணிகக் குழுமங்கள் ஆகியவற்றின் அலுவலகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் கணக்கராகவும் சென்ற தென்னாட்டார் அங்குக் குடியேறினர். தஞ்சாவூர், பாலக்காடு, திருநெல்வேலி என்று ஊர்ப்பெயரால் தம்மை அறிந்திருந்தோர், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியதால் ‘மதராசி’ என்னும் பொதுப்பெயரைப் பெற்றனர். பிறர் ஏளனமாகச் சொன்ன பெயரே அவர்களை ஒன்றாக்கியது. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. பசனைச் சமாசங்களும், வாழையிலையும் காப்பிக்கொட்டையும் விற்கும் கடைகளும், உணவு விடுதிகளும் சூழ்ந்தன. திண்ணை இல்லாத வீடு, தனக்கு வேண்டிய திண்ணையைக் கடைத்தெருவில் அமைத்துக்கொண்டது.

மாதுங்காவுக்கு மேற்கே இரயில் தண்டவாளம். தண்டவாளத்திற்கு அப்பால் தாராவி. அங்கும் தமிழரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றோர் அச்சதுப்பு நிலத்தில் குடியேறினர். இசுலாமியரும் ஆதிதிராவிடரும் நாடாரும் அவர்களுள் இருந்தனர். அவர்களின் வீடுகளுக்குப் பின்படி தேவைப்படவில்லை, கழிப்பறையே இல்லை. ஒரே மாவட்டத்தில் புறப்பட்ட இரு தமிழர், ஒருவர் தண்டவாளத்தின் கிழக்கிலும் ஒருவர் மேற்கிலும் இறங்கினர். எப்பக்கம் இறங்குவது என்பதைச் சாதியும் பள்ளிக்கூடமும் ஊரிலேயே முடிவு செய்திருந்தன. பம்பாய்த் தமிழர் வரலாறு என எழுதப்படும் நூல்கள் இவ்விரு கரைகளையும் ஒரே அதிகாரத்தில் வைக்கத் தயங்குவது குறையே. படைப்பிலக்கியம் அவ்வளவு தயங்கவில்லை. வேலை தேடிப் பம்பாய் சென்ற இளைஞனின் பாட்டை நாஞ்சில் நாடனின் ‘மிதவை’ 1986லேயே எழுதிவிட்டது.

போர் வந்தது. கட்டுமானப் பொருள்கள் படைக்குப் போயின, வீடு கட்டுவது தடைப்பட்டது, மக்கள் பெருகினர், வாடகை ஏறியது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம் 1940 செப்டம்பர் முதல் நாள் நிலவிய அளவில் வாடகையை நிறுத்தியது. நாட்டுப் பிரிவினையால் சிந்துவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த குடும்பங்கள் தெருவில் நின்ற காலத்தில் அச்சட்டம் அறமே. ஆனால் இடைக்கால ஏற்பாடாக வந்தது அரை நூற்றாண்டு நீடித்தது. உலகின் விலையுயர்ந்த கடற்கரைகளுள் ஒன்றில் மின்கட்டணத்தினும் குறைந்த வாடகை செலுத்திக் குடியிருக்கும் நிலை வந்தது. வாடகை உரிமையே ‘பக்டி’ என்னும் பெயரில் கைமாறும் சொத்தாயிற்று. வருவாய் இல்லாத உரிமையாளர் பழுது பார்க்கவில்லை. கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டின் உள்ளே புகுந்து கம்பியைத் துருவாக்கியது. துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சைப் பிளந்தது. எந்தக் கம்பி அந்த வளைவைத் தாங்கியதோ அதுவே அதை உடைக்கலாயிற்று.

1969இல் பழுதுபார்ப்பு வாரியத்திற்கான சட்டம் வந்தது. தீவு நகரிலுள்ள பழைய வாடகைக் கட்டடங்கள் ஏறத்தாழ 19,600 அதன் பொறுப்பில் வந்தன. 1940 செப்டம்பருக்கு முந்தியவை முதல் வகை. பின்னர் வந்த நகர விதிகள் இவ்வகைக் கட்டடங்களை இடித்துக் கட்டுவோர்க்குக் கூடுதல் தளப்பரப்பைச் சலுகையாக அளித்தன. பழையது என்பதே இடிக்கத் தகுதியாயிற்று. மறுபுறம், 1995இல் பம்பாய் மரபுக் கட்டடப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது; 2018இல் ஓவல் மைதானத்தைச் சூழ்ந்த விக்டோரியக் கட்டடங்களும் மரைன் டிரைவ் வரையுள்ள ஆர்ட் டெக்கோ கட்டடங்களுமாக 94 கட்டடங்களை யுனெசுகோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கோ பழையது என்பதே காக்கத் தகுதியாயிற்று. ஒரே பத்தாண்டில், ஒரே சிமெண்டால் எழுந்த இருவகை வீடுகளுக்கு இரு வேறு நீதிகள்.

மாதுங்கா அந்த எல்லைக்கு வெளியே உள்ளது. 2012இல் சிவாஜி பூங்கா உள்ளிட்ட தாதர் வட்டாரக் குடியிருப்புகளை மரபுப் பட்டியலில் சேர்க்க முன்வரைவு வெளியானபோது, எதிர்ப்பு அங்குக் குடியிருந்தோரிடமிருந்தே எழுந்தது. ஒழுகும் கூரையும் மின்தூக்கி இல்லாத படிக்கட்டும் முதியோரை வாட்டுகையில், இடித்துக் கட்டித் தருவோர் கூடுதல் அறையோடு புதுவீடு தருவதாகச் சொல்கையில், முகப்பின் அழகைக் காக்குமாறு அவர்களிடம் கேட்பது எளிதன்று. அழகை வெளியிலிருந்து காண்போர் வேறு. உள்ளிருந்து தாங்குவோர் வேறு. இவ்வாறு கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றிலும் வளைந்த பால்கனிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன, அவற்றின் இடத்தில் கண்ணாடிக் கோபுரங்கள் எழுகின்றன. கட்டடம் விழும்போது பழைய இரும்பு வாங்குவோர் முதலில் கழற்றிச் செல்வது முதுகிலுள்ள அந்தச் சுருள் படியை. புதிய கோபுரங்களின் வரைபடத்தில் அது இல்லை. வீட்டு வேலைக்கு வருவோர்க்கெனத் தனி மின்தூக்கி ஒன்று குறிக்கப்பட்டுள்ளது.